சிவப்பு அட்டைப் புத்தகம்

லீட்ஸ் நகரத்துப் பழைய சந்தா நூலகத்தில் சேர, உறுப்பினர் ஒருவர் சிபாரிசுக் கையெழுத்துப் போடவேண்டும். ஐம்பது வயதில் எழுதப் படிக்கக் கற்ற கொத்தனார் வில்ஃப், பேசக்கூடாத வாசிப்பறையில் தனியாக இருந்த உறுப்பினர் ஆர்மிடேஜிடம் விண்ணப்பத்தை நீட்டினார்.

"நீயா? புத்தகமா?" என்று கிசுகிசுத்துச் சிரித்தார் ஆர்மிடேஜ். "மூலை அலமாரியில அந்தச் சிவப்பு அட்டை தெரியுதா? ஆயிரம் பக்கம். நான் ரெண்டு தடவை படிச்சிட்டேன். நீ முதல் பக்கத்தைத் தாண்டுவியா?"

"எடுத்துப் பாக்கட்டுங்களா, ஐயா?"

"எடேன், பாப்போம்!"

வில்ஃப் இழுத்தார். புத்தகம் வரவில்லை, அலமாரியே கதவாகத் திறந்துகொண்டது. எல்லாம் மரத்தில் செதுக்கி வண்ணம் பூசிய வெறும் புத்தக முதுகுகள். உள்ளே துடைப்பமும் வாளியும் இருந்தன.

ஆர்மிடேஜின் முகம் அந்த அட்டையைவிடச் சிவந்தது.

"இது வாயைத் திறக்கக்கூடாத இடமாச்சே, ஐயா," என்றார் வில்ஃப் பணிவாக. "வெளியில போயும் நான் திறக்கமாட்டேன். இங்க ஒரு கையெழுத்து."