மாப்பிள்ளை பார்த்த எஞ்சின்

"காபி அப்புறம் குடிக்கலாம் தம்பி. மொதல்ல இந்த எஞ்சினைக் கொஞ்சம் பாருங்க."

பெண் பார்க்க வந்திருந்த திலீப், எடுத்த தம்ளரை அப்படியே தட்டில் வைத்துவிட்டு எழுந்தான். அவனுடைய அம்மாவும் சித்தப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தெய்வநாயகிக்குச் சங்கடமாகப் போய்விட்டது. கணவர் தங்கராசு இந்த முறையாவது எஞ்சின் பேச்சை எடுக்கமாட்டார் என்று நம்பியிருந்தாள்.

தங்கராசுவுக்கு ஆண்பிள்ளை கிடையாது. சத்யா ஒரே மகள். மணப்பட்டுக் கரையில் நிற்கும் அவருடைய ஃபைபர் படகு நாளைக்கு மருமகனுக்குத்தான். எஞ்சினுக்கு வயது பதினெட்டு. நடுக்கடலில் அது மக்கர் செய்தால் சரிபண்ணத் தெரியாதவனுக்குப் படகும் இல்லை, பெண்ணும் இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

வீட்டுக்குப் பின்னால் மரச்சட்டத்தில் எஞ்சினை மாட்டி, அதன் அடிப்பாகத்தைத் தண்ணீர் டிரம்முக்குள் இறக்கி வைத்திருந்தார். கயிற்றை இழுத்தார். வேகத்தில் ஒழுங்காக ஓடியது. ஸ்லோவில் வைத்ததும் திக்கியது, இருமியது, நின்றேவிட்டது.

இதற்கு முன் வந்த கலைவேந்தன் பிளக்கை மாற்றிப் பார்த்தான். சட்டை கறையானதுதான் மிச்சம். அடுத்து வந்த அரிகரன் கார்பரேட்டரைப் பிரித்து மாட்டியபோது ஒரு ஸ்க்ரூ கையில் மிஞ்சிப்போனது. அதைத் தங்கராசுதான் இடம் பார்த்து மாட்டினார். வேடிக்கை என்னவென்றால், இரண்டு தடவையும் மறுநாள் காலையில் எஞ்சின் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. வேண்டாத மாப்பிள்ளையை எல்லையம்மனே காட்டிக்கொடுக்கிறாள் என்றார் தங்கராசு.

திலீப் அவரே தேடிப்பிடித்த வரன். தவளக்குப்பத்தில் மீன் விற்கும் ராமாயி பேச்சுவாக்கில் அவனைப்பற்றிச் சொல்ல, அவன் ஊரான நல்லவாட்டுக்கே நேரில் போய் விசாரித்துவிட்டு வந்தார். இந்தக் காலத்துப் பெண்கள் மாப்பிள்ளையைத் தாங்களே தேடிக்கொள்வது அவருக்கு அறவே ஆகாது.

திலீப் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்தான். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. பெட்ரோல் டியூபை மேலிருந்து தடவியவன் பாதியில் நின்று, மறுபடி மேலே போனான். நெற்றியில் வேர்த்துவிட்டது. கால் மணி நேரம் ஆனது. அவனுடைய சித்தப்பா கிளம்பலாமா என்று ஜாடை காட்டினார். தங்கராசுவுக்கே பையன்மேல் பரிதாபமாக இருந்தது.

கடைசியாக அவன் கை பம்புக்கு அடியில் போய் நின்றது.

"காத்து இழுக்குது மாமா. கீழ இந்த கிளிப்பு லூசா இருக்கு. வேகத்துல தெரியாது, ஸ்லோவுல வெச்சாதான் தெரியும்."

கிளிப்பை முறுக்கிவிட்டுக் கயிற்றை இழுத்தான். எஞ்சின் ஸ்லோவிலும் ஒரே சீராக ஓடியது. தங்கராசு இரண்டு முறை அணைத்து, இரண்டு முறை போட்டுப் பார்த்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, வெற்றிலைத் தட்டை எடுத்துவரச் சொன்னார். மாப்பிள்ளைக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றும்படி சத்யாவிடம் சொல்லிவிட்டு, சம்பந்திகளோடு வீட்டுக்குள் நடந்தார்.

வாசற்படியில் திரும்பிப் பார்த்தார். இருவரும் தலை குனிந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் சந்திப்பிலேயே பெண்ணுக்குக் கூச்சம் போய்விட்டதில் அவருக்குத் திருப்தி.

திலீப் பல்லைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்: "போன்ல மேல் கிளிப்புன்னு சொல்லிட்டு, கீழ் கிளிப்ப எதுக்குடி லூஸ் பண்ண? உசுரே பூடுச்சு."

சத்யா நிமிராமல் தண்ணீரை ஊற்றினாள். "வந்ததும் நேரா அங்க கைய வெச்சிருந்தா, எங்கப்பா நம்பியிருப்பாரா?"