இங்கிலாந்துப் பூச்சு

"இதைப் பூசின ஆளைப் பிடிச்சுக் கடலுக்க தள்ளவேணும்," என்றான் சிவரூபன், நிலத்தில் கிடந்த காரின் முன் பம்பரைச் சப்பாத்தால் தட்டி. குரோம் வெங்காயச் சருகாக உரிந்து விழுந்தது. உள்ளே ஒரே துரு.

துறைமுக வீதியில் நஜ்முன் நிஸாவின் முலாம் பட்டறைக்கு அவன் வந்து அரை மணித்தியாலம்தான். அதற்குள் ஆம்பிளை யாரும் இல்லையா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டான். லண்டனில் பதினைந்து வருடம் இருந்தவன், திரும்பி வந்து ஒரு பழைய மொரிஸ் மைனர் வாங்கியிருக்கிறான். யூடியூபில் நாலு வீடியோவும் பார்த்திருக்கிறான். குறைகுடம் தளும்பாமல் என்ன செய்யும்?

பின் பம்பரை மட்டும் துவாயில் சுற்றி, பச்சைப்பிள்ளையைப் போலத் தூக்கி வந்திருந்தான். அதில் பொட்டுத் துரு இல்லை, முகம் பார்த்துத் தலை சீவலாம்.

"இதுதான் இங்கிலாந்துப் பூச்சு. உப்புக்காத்துக்கும் அசையேல்ல. முன்னதை ஆரோ இங்கத்தையான் பூசிக் கெடுத்திருக்கிறான். எங்கட ஆக்களுக்கு இது ஏலாது."

கேட்டுக்கொண்டிருந்த நஜ்முன் நிஸாவுக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனால் மூன்று மாதமாகப் பட்டறையில் பெரிய வேலை இல்லை. பிடிக்காவிட்டால் எல்லாவற்றையும் கொழும்புக்குக் கொண்டுபோவேன், பழைய கார்க்காரரின் வட்சப் குழுவிலும் எழுதுவேன் என்று அவன் வேறு வெருட்டினான். எழுதினால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

அவன் கொண்டுவந்த மற்றச் சாமான்களில், நட்டுகளை அவள் வெறும் பால்மா ரின்னில் போட்டாள். கார்ச் சில்லின் மூடியை மண்ணெண்ணெயில் கழுவி, நெளிவை மரக்கட்டையில் வைத்துத் தட்டி எடுத்தாள். பிறகு உட்புறத்தில் கூர் ஆணியால் மூன்று புள்ளி குத்தினாள்.

சாமானை ஏன் காயப்படுத்துகிறீர்கள் என்று அவன் பாய்ந்தான். தொட்டிக்குள் பலருடைய சாமான் ஒன்றாகக் கிடக்கும், மாறிப்போகாமலிருக்க இருபது வருடமாக இந்தப் பட்டறை வைக்கும் அடையாளம் என்றாள்.

"வெள்ளைக்காரன் இப்பிடிக் குத்துவானோ? அவனிட்டப் படியுங்கோ. பின்னதைப் பக்கத்தில வைச்சு, அதே மாதிரி முன்னதைப் பூசுங்கோ. ஏலாட்டி இப்பவே சொல்லுங்கோ."

அவள் முன் பம்பரைக் கவிழ்த்தாள். உட்புறத்துச் சேற்றைத் துணியால் துடைத்தாள். இங்கிலாந்துத் தொழிற்சாலையின் பச்சை மை முத்திரை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது என்ற ஆண்டோடு தெரிந்தது. மறுபடி பூசுவதற்கு ஒருமுறை அமிலத் தொட்டிக்குள் இறக்கியிருந்தாலும் அந்த மை மிஞ்சியிராது என்றாள்.

துவாயை விலக்கிப் பின் பம்பரையும் கவிழ்த்துத் துடைத்தாள். ஓரத்தில் மூன்று புள்ளிகள்.

சிவரூபன் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தான். நஜ்முன் நிஸா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அப்ப கடலுக்க தள்ளுற ஆளை இங்கிலாந்துலதான் தேடணும், தம்பி."