கால் பட்டதற்கு

சமையல்காரரின் பிணத்தருகே குனிந்து மாலுமி ரெக்சன் ‘ஸாரி’ என்றதைக் கப்பலில் ஒருவர் கேட்டிருந்தார்; கொலை வழக்கில் அவனுக்கு எதிரான சாட்சியம் அதுதான். அந்த ஆங்கிலச் சொல்லை ஸ்பானியத்தில் இரங்கல் என்று சொல்லலாம். குற்றத்துக்கு மன்னிப்பு என்றும் சொல்லலாம். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் கோமளா, எதற்காகச் சொன்னாய் என்று அவனிடமே கேட்டாள்.

“இருட்டுல அவர் மேல கால் பட்டுட்டு, அக்கா. தொட்டுக் கும்பிட்டு ஸாரின்னேன். பொறவுதான் ரத்தத்தப் பாத்தேன்.”

அப்படியே ஸ்பானியத்தில் சொன்னாள்.

“கால் பட்டதற்கா மன்னிப்பு?” அரசு வழக்கறிஞர் சிரித்தார்.

கோமளா உட்காரும்போது அவளுடைய செருப்பு ரெக்சனின் காலில் இடித்தது. சட்டென்று அவனைத் தொட்டு விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “ஸாரி தம்பி.”

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார்.

“அவனுக்கு நீங்கள் என்ன கெடுதல் செய்தீர்கள்?” என்று கோமளாவிடம் கேட்டார்.