லாயத்தில் ஒரு டிபன் கடை

கோட்டைவாசல் தெருவுக்குள் நுழைகிறவர்கள் தெருமுனையில் கொடுக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். மாட்டினால் தெரு நூற்றைம்பது வருஷம் பின்னால் போய்விடும். எப்போதோ இடித்துத் தள்ளிய மணிக்கூண்டு மறுபடியும் நிற்கும்; ஜனங்கள் வெறும் வானத்தை அண்ணாந்து பார்த்து வாயைப் பிளப்பார்கள். பிலோமினாவின் டிபன் கடை இருக்கும் இடத்தில் குதிரை லாயம் தெரியும். லாயத்தில் யார் இட்லி கேட்பார்கள்? ஒரு மாதமாக மாவு புளித்து வீணாகிக்கொண்டிருந்தது. இன்று காலை ஒருவன் நேராக வந்து பெஞ்சில் முட்டி, சட்னியைக் கவிழ்த்துவிட்டு, குதிரைதான் இடித்தது என்று சிரித்துக்கொண்டே போனான்.

பிலோமினா தெரு மேற்பார்வையாளரை மடக்கிப் பிடித்தாள்.

"கண்ணாடியில தப்பில்லம்மா. அந்தக் காலத்துல இங்க உன் கடையே இல்லியே."

"அப்ப தெனம் ஓசியில டீ குடிக்கிறியே சார், அத இன்னா குதிரையா போட்டுக் குடுத்துச்சு?"

அவர் தன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இப்போது அவருக்கும் அவள் இல்லை.

பிலோமினா அடுப்பைத் தூண்டிவிட்டாள். காய்ந்த தோசைக்கல்லில் இரண்டு கை மிளகாய் வற்றலை அள்ளிப் போட்டாள். நெடி கிளம்பித் தெருவை அடைத்தது. முதலில் மேற்பார்வையாளர் தும்மினார். பிறகு தெருவே இருமியது. கண்ணெரிச்சல் தாங்காமல் ஒவ்வொருவராகக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்கள். எதிரே இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒருத்தி நின்றிருந்தாள்.

"வாங்க, இட்லி சூடா கீது."

மணிக்கூண்டுப் பக்கம் சிலர் இன்னும் கழற்றவில்லை. அவள் இன்னொரு கை மிளகாயை அள்ளினாள்.