நான் ஒரு குடை

"நான் ஒரு குடை. என்னைச் சிரம்பானில் ஒரு தொழிற்சாலையில் செய்தார்கள். என் நிறம் சிவப்பு."

பிரேமாவதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. தாளின் மேல் எழுதியிருந்த பெயரை மறுபடி பார்த்தார். யோகேஸ்வரி, ஐந்தாம் ஆண்டு. சந்தேகமே இல்லை, அதே பிள்ளைதான்.

இந்த ஒரு பிள்ளைக்காகத்தான் அவர் கொளுத்துகிற வெயிலில் அலோர்ஸ்டாரிலிருந்து புக்கிட் செலம்பாவ் வரைக்கும் காரோட்டி வந்திருந்தார்.

சிறுவர் கதைகள் எழுதுகிற ஓய்வுபெற்ற ஆசிரியை பிரேமாவதி, எந்தத் தமிழ்ப்பள்ளி எழுத்துப் பட்டறைக்குக் கூப்பிட்டாலும் போய்விடுவார். பிள்ளைகளை உட்காரவைத்து எழுதச் சொல்லுவார். நன்றாக எழுதினால் தட்டிக்கொடுப்பார். ஆனால் போகிற இடமெல்லாம் குடையும் பேனாவும் காலணியும்தான் தன்கதை சொல்லும். எல்லாம் பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணியது. மனுஷி நொந்துபோயிருந்தார்.

போன வருஷம் இந்தப் பள்ளியில்தான் அந்த அதிசயம் நடந்தது. குடையும் வேண்டாம் பேனாவும் வேண்டாம், உங்க வீட்டைப் பத்தி எழுதுங்க என்றார். யோகேஸ்வரி 'அம்மாவின் கைப்பை' என்று ஒரு கதை எழுதிக் கொடுத்தாள்.

கல்யாண விருந்துக்குப் போனால் அம்மா கைப்பைக்குள் பிளாஸ்டிக் பையை விரித்து, யாரும் பார்க்காத நேரத்தில் ஆட்டிறைச்சிப் பிரட்டலை அள்ளிப்போட்டுக்கொள்வார். மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது வழியெல்லாம் நாய்கள் பின்னாலேயே ஓடிவரும். மறுநாள் பள்ளி அறிக்கையில் கையெழுத்துப் போட அம்மா பேனாவை எடுத்தால் அதிலும் மசாலா வாசம். 'கல்யாணம் இரண்டு தடவை நடக்கும். ஒன்று மண்டபத்தில், இன்னொன்று எங்கள் வீட்டில்' என்று முடித்திருந்தாள். வரிக்கு வரி அம்மா மேல் அவ்வளவு பாசம்.

பட்டறையின் நிறைவு விழாவில் பிரேமாவதியே மைக்கைப் பிடித்து அதைப் படித்தார். பெற்றோர் கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. அதற்குப் பிறகு கோலா கெத்திலானாலும் கோலா கெடாவானாலும், அந்தக் கதையைச் சொல்லித்தான் அவர் பேச்சையே ஆரம்பித்தார். பிள்ளையின் பேரைச் சொல்லுவார், ஊரைச் சொல்லுவார். இந்த வருஷம் கொண்டுவரப்போகும் மாணவர் கதைத் தொகுப்பில் யோகேஸ்வரியின் புதுக் கதைதான் முதலில் என்று முடிவே பண்ணியிருந்தார்.

அந்தப் பிள்ளை போய்க் குடையாகிவிட்டதே!

இது யார் பார்த்த வேலை என்று அவருக்குத் தெரியாதா என்ன? வகுப்பாசிரியை குணவதியைத் தனியாகக் கூப்பிட்டுப் பிடிபிடியென்று பிடித்தார். நல்லா எழுதுகிற ஒரு பிள்ளை கிடைத்தால் அதையும் இப்படிக் கெடுக்கணுமா, மார்க்கு வாங்கி என்ன பண்ணப்போறீங்க என்று மூச்சுவிடாமல் கேட்டார்.

எல்லாம் ஓய்ந்த பிறகு குணவதி, "நான் மனப்பாடம் பண்ணச் சொல்லல டீச்சர். மாதிரிக் கட்டுரை புத்தகம் வேணும்னு அவளேதான் வந்து கேட்டா. ஏன்னு நீங்களே கேளுங்களேன்" என்றார்.

பிரேமாவதி அதை நம்பவில்லை. இருந்தாலும் யோகேஸ்வரியைத் தேடிப் போனார்.

பள்ளிக் கெண்டினில் பட்டறைக்கான விருந்து முடிந்திருந்தது. மிஞ்சிய மீகூன் நூடுல்ஸையும் கோழிக்கறியையும் அம்மாமார்கள் பேச்சும் சிரிப்புமாக வீட்டுக்குக் கொண்டுபோகத் தாப்பாவ் பண்ணிக்கொண்டிருந்தார்கள். யோகேஸ்வரி மட்டும் புத்தகப்பையை மாட்டிக்கொண்டு வாசலோரம் நின்றாள். யாரோ ஓர் அம்மா நீட்டிய பொட்டலத்துக்கு வேண்டாமென்று தலையாட்டினாள்.

"வாங்கிக்கோ லா. வீட்டுல சாப்பிடலாம்" என்றார் பிரேமாவதி.

"ஒண்ணும் வாங்கிட்டு வரக்கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க டீச்சர்."

அம்மா உள்ளே வரவில்லையா என்று கேட்டதற்கு வெளியே கைகாட்டினாள். பள்ளிக் கேட்டுக்கு அந்தப் பக்கம், வெயிலில், நிறுத்திய மோட்டார் மேலேயே அம்மா உட்கார்ந்திருந்தார். போனும் பர்சும் மோட்டாரின் முன்கூடையில் சும்மா கிடந்தன. கைப்பையைக் காணோம்.

அப்போதும் பிரேமாவதிக்கு எதுவும் உறைக்கவில்லை. அவருக்கு அவர் கவலை. போன வருஷம் எவ்வளவு அழகா எழுதின, ஊர் ஊராய் உன் கதையைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன், இப்ப ஏம்மா இந்தக் குடை என்று ஆற்றாமையோடு கேட்டார்.

"உனக்கு இப்ப கதை வரமாட்டேங்குதா?"

"வருது டீச்சர்."

"பிறகு ஏன் எழுதல?"

யோகேஸ்வரி ஒருமுறை அம்மாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அவள் குரலில் கோபமில்லை.

"அன்னைக்கு நீங்க படிக்கிறப்ப அம்மா பின்னால உக்காந்திருந்தாங்க. அதுக்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பையைக் கொண்டாந்தியான்னு கேட்டுச் சிரிச்சாங்க. அதனால இப்ப அம்மா எங்கயுமே போறதில்ல."

கோலா கெத்திலில் சிரித்தவர்களும் கோலா கெடாவில் சிரித்தவர்களும் இப்போது பிரேமாவதியின் காதுக்குள் சிரித்தார்கள். ஐயோ, அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படித்திருக்கலாமே என்று தோன்றியது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார்.

வெளியே மோட்டார் கிளம்பும் சத்தம் கேட்டது. யோகேஸ்வரி அவர் முகத்தைப் பார்த்தாள். பாவமாக இருந்ததோ என்னவோ, அவர் கையிலிருந்த தாளை மெல்லத் தொட்டுக் காட்டினாள்.

"இத நீங்க எல்லா ஊருலயும் மைக்ல படிச்சுக்கலாம் டீச்சர். இதுல எங்கம்மா இல்ல."