தவறணையில் மாப்பிள்ளை விசாரிப்பு

தரகர் சொன்ன மாப்பிள்ளை குடிகாரனா என்று அறிய, அடைக்கலநாதன் அவனுடைய ஊர்க் கள்ளுத் தவறணைக்கே போனார். சும்மா நின்று விசாரித்தால் சந்தேகப்படுவார்களே என்று பனையோலைப் பிளாவொன்றில் கள்ளு வாங்கினார்.

"அது தென்னங்கள்ளு, சப்பெண்டு இருக்கும். உந்தப் பனங்கள்ளைக் குடிச்சுப் பாரும்," என்றார் பக்கத்தில் இருந்த நரைமீசைக்காரர்.

குடித்தார். "நல்லாயிருக்கு, அண்ணை."

"இனி இதைப் பாரும். தனிப் பெண்பனைக் கள்ளு."

மூன்றாவது பிளாவில் அடைக்கலநாதனுக்குத் துணிவு வந்தது.

"சிமியோன் எண்ட பெடியனைத் தெரியுமோ? என்ரை மகள் யசிந்தாவுக்குப் பேசியிருக்கு."

"தெரியாமலோ? ஒவ்வொரு நாளும் இஞ்சை வாறவன்."

"ஒவ்வொரு நாளுமோ! அப்ப உந்தக் கலியாணம் சரிவராது." எழும்பினார். கால் பின்னியது.

அந்நேரம் ஓர் இளைஞன் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு வந்து, நரைமீசைக்காரரின் கையைப் பிடித்தான்.

"குடிச்சது காணும் அப்பு, வாங்கோ. அம்மா பாத்துக்கொண்டு இருக்கிறா."

"பொறு சிமியோன். உவர்தான் யசிந்தாவின்ரை தேப்பன். நீ குடிகாரனெண்டு கலியாணத்தைக் குழப்பிப்போட்டார்."

சிமியோன் சிரித்தான். "நான் ஒரு சொட்டும் தொடுறேல்லை, மாமா. இவரை ஏத்திக்கொண்டு போகத்தான் வாறனான்." தள்ளாடியவரையும் தாங்கிக்கொண்டான். "நீங்கள் முன்பாரிலை இருங்கோ. அப்பு கரியரிலை."

சைக்கிள் நகர்ந்ததும் அடைக்கலநாதன் பின்னால் திரும்பிக் கேட்டார்: "சம்பந்தி, கலியாணத்தை எப்ப வைப்பம்?"