சத்தம் போடாத கார்

"பேட்டரி தீர்ந்து நடுரோட்டுல நின்னா யார் சார் தள்ளுறது?" என்றார் கணக்கர்.

"தீப்பிடிச்சுக்குமாம் சார்" என்றாள் டைப்பிஸ்ட்.

மின்சாரக் கார் வாங்கிய மூன்று நாளாக மேனேஜருக்கு ஆபீசில் இதே பாட்டு.

"அரசாங்கமே மானியம் கொடுத்து வாங்கச் சொல்லுது. சொட்டு பெட்ரோல் செலவில்லை. உங்களுக்கு ஏன்யா வயித்தெரிச்சல்?" என்று எரிந்து விழுந்தவர், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கணக்கர் தலையில் கைவைத்தார்.

"பழைய டப்பா தெருமுனையில வரும்போதே ஊரைக் கூட்டும். நாமளும் சாவகாசமா கேரம் போர்டை பீரோ பின்னால சொருகுவோம். இது பூனை மாதிரில்ல வந்து நிக்குது! மூணு நாளா போர்டைத் தொட முடிஞ்சுதா?"

"வழக்கமா கிரீச்சிடுற என் ரூம் கதவுக்கும் காலையில எண்ணெய் போட்டாச்சுய்யா" என்றார், பின்னால் நின்றிருந்த மேனேஜர்.